டைக் துரையின் பொல்லா?

வணக்கம் ஐயா,

எங்கள் அப்பப்பாவின் கைத்தடி ஒன்று வீட்டில் இருக்கிறது. வெள்ளைப் பிடியைத் திருகினால் கழன்று வரும். உள்ளே ஒடுங்கிய கண்ணாடிக் குழாய். பிடிக்குக் கீழே வெள்ளிப் பூண். வெள்ளைக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் பொல்லு என்று வீட்டில் சொல்வார்கள். கனடாவில் இருந்து வந்த ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? இப்படியான தடிகளைச் சேர்க்கவும் எனக்கு ஆசை.

வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பிக்கு,

விலைப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முதலில் அந்தப் பூணைப் பாருங்கள். இங்கிலாந்து வெள்ளி என்றால் சின்னஞ்சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கும்: நடக்கும் சிங்கம், பர்மிங்காமில் முத்திரையிட்டதென்றால் நங்கூரம், பிறகு ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்து. டைக் 1867 இல் இறந்தவர். எழுத்து அதற்குப் பிந்திய ஆண்டைக் காட்டினால், பூணைப் பின்னால் மாற்றியிருந்தாலொழிய, துரையின் கதை அத்தோடு சரி. தயவுசெய்து பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரை அழிந்துவிடும்.

ஆண்டு பொருந்திவிட்டால் மட்டும் துரையின் தடி ஆகிவிடாது. பெஞ்சமின் பிராங்ளின் தங்கத் தலை வைத்த தன் கைத்தடியை ஜோர்ஜ் வாஷிங்டனுக்குக் கொடுக்கும்படி உயிலிலேயே எழுதிவைத்தார். அதனால்தான் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கும் அந்தத் தடி யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பொறித்த எழுத்தோ கடிதமோ பழைய படமோ, ஏதாவது ஒன்று வேண்டும்.

கண்ணாடிக் குழாயில் மர்மம் இல்லை. பிராந்தி ஊற்றிக்கொண்டு நடப்பதற்கானது அது. ஓவியர் துலூஸ் லொத்ரெக்கும் அப்படி ஒன்று வைத்திருந்தார். 19 ஆம் நூற்றாண்டில் வாள், குடை, தொலைநோக்கி, குதிரையின் உயரம் பார்க்கும் அளவுகோல் என்று தடிக்குள் ஒளித்து வைக்காததே குறைவு.

பிடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் கோடுகள் வலைபோலக் குறுக்கும் மறுக்கும் ஓடினால் யானைத் தந்தம்; கரும்புள்ளிகளும் கீறல்களும் தெரிந்தால் எலும்பு. தந்தமென்றால் கனடாவுக்குக் கொண்டுபோவது பெரிய சட்டச் சிக்கல், அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். சேர்க்க வேண்டுமென்றால் ஊரில் இருந்தே தொடங்குங்கள். பனை வைரத்தில், கருங்காலியில் கடைந்த பொல்லுகள் போரால் ஊரே பெயர்ந்த 1995 இடப்பெயர்வுக்குப் பிறகும் சில வீடுகளில் கதவு மூலையில் கிடக்கின்றன. பெரிய துரைமார் வேண்டாம். வைத்திருந்த வாத்தியார் யார், பரியாரியார் யார், கடைந்தவர் எந்த ஊர் என்று வீட்டுக் கிழவிகளிடம் கேட்டு, ஒரு துண்டில் எழுதித் தடியோடு கட்டிவையுங்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆளில்லை. உங்கள் அப்பப்பாவின் பெயரே முதல் துண்டாக இருக்கட்டும்.

பூணைக் காலை வெயிலில் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆண்டெழுத்தைச் சேர்ந்து பார்ப்போம்.