பல்பு மாற்றினால் துடிப்பு மாறும்

கேள்வி: கலைஞர் ரஃபேல் லோசானோ-ஹெம்மரின் 'பல்ஸ் ரூம்' படைப்பில் கைப்பிடியைப் பிடித்தால் நம் இதயத்துடிப்புக்கு ஏற்ப பல்பு எரிந்து அணையுமாம். குண்டு பல்பே அரிதாகிவிட்ட காலத்தில் அருங்காட்சியகங்கள் இதை எப்படி மறுபடி நிறுவும்? எல்இடி போட்டால் போதாதா?

பதில்: எரியும், ஆனால் துடிக்காது. 2006-இல் உருவான இந்தப் படைப்புக்கு 100 முதல் 300 வரை பல்புகள் வேண்டும்; ஒவ்வொன்றும் 300 வாட், தொங்கும் உயரம் 3 மீட்டர். குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை சூடேறவும் ஆறவும் நொடியில் ஒரு சிறு பங்கு பிடிக்கும். அந்தச் சுணக்கம்தான் கண்ணுக்கு இதயமாகத் தெரிகிறது. எல்இடியோ கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி சட்டென்று எரிந்து சட்டென்று அணையும். குண்டு பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிரையாக் டிம்மரில் மாட்டினால் லோடு போதாமல் நடுங்கும். அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும்.

வேறு வழியே இல்லை என்றால், இழையின் ஏற்ற இறக்கத்தை மென்பொருளில் எழுத வேண்டும். அதற்கு வெளிச்சத்தை 8 பிட்டில் 256 படிகளாகப் பிரித்தால் போதாது. மங்கலான பகுதியில் ஒளி படிப்படியாகக் குதிப்பது தெரியும். 16 பிட் வேண்டும். கலைஞரின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும்.

அதைவிட பல்பையே சேமித்து வைப்பது மேல். மின்னழுத்தத்தை 95 சதவீதத்தில் நிறுத்தினால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்; வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறையும், நிறமும் சற்றே மஞ்சளாகும். 110 வோல்ட் நாட்டிலிருந்து வந்த பல்பை 230-இல் செருகிப் பார்க்க வேண்டாம், அந்த நொடியே போய்விடும்.

நூறு பல்பு என்றால் 30 கிலோவாட். மூன்று ஃபேஸுக்கும் பிரித்தாலும் 230 வோல்ட்டில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 43 ஆம்பியர். குளிர்ந்த இழையின் மின்தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழுவது அதனால்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு மின்சாரம் எப்போதும் ஓடும்படி விட்டு இழையை வெதுவெதுப்பாக வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

கேள்வி: கைப்பிடித்தும் பல்பு துடிக்கவில்லை என்றால் கோளாறு எங்கே?

பதில்: முதலில் கையைப் பாருங்கள். உலோகத் தகட்டின் வழியே இதய மின்குறியைப் பிடிக்கும் கருவிகளுக்கு வறண்ட உள்ளங்கை ஆகாது; லேசாக ஈரம் தொட்டால் சரியாகும். தகட்டில் படியும் வியர்வைப் படலத்தைத் தினமும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால், நூல் உதிராத துணியில் துடைக்க வேண்டும். அடுத்தது மின் இரைச்சல், அதாவது சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து இதயக் குறியில் கலக்கும் தேவையற்ற அதிர்வு. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் அந்த இரைச்சலை நீக்க அமைத்த வடிகட்டியை 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்குக் கொண்டுபோனால் அதையும் மாற்ற வேண்டும். பலர் கணினியைச் சந்தேகித்து இரண்டு நாளை வீணாக்குவது இங்கேதான்.