"ரெண்டு மடங்கு சொல்லுங்க மாமா!"

கேள்வி: ஒன்பது வருடமாக நானே வைத்து ஓட்டிய ஆறு சக்கர லாரியை விற்கப் போகிறேன். பத்து மாதத்துக்கு முன்புதான் இன்ஜினைப் பிரித்து முழு வேலை பார்த்தேன். அண்மையில் பெயின்ட் அடித்து, சீட் மாற்றி, பாட்டு செட்டும் வைத்தேன். ஒரு டீலர் சொன்ன விலையைக் கேட்டு வயிறு எரிந்தது. "ரெண்டு மடங்கு சொல்லுங்க மாமா, பேரத்துல இறங்கிக்கலாம்" என்கிறான் மச்சினன். அவன் பேச்சைக் கேட்டு விளம்பரம் போட்டு ஒரு மாதம் ஆகிறது. மூன்று பேர் போன் செய்து "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். கடன் பாக்கியும் கொஞ்சம் இருக்கிறது. என்ன விலைதான் சொல்வது?

பதில்: உங்கள் மச்சினன் சொன்னதை நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். என் முதல் லாரிக்கு வாய்க்கு வந்த விலையைச் சொல்லி, ஐந்து மாதம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். பேட்டரி போனது. இன்சூரன்ஸ் மறுபடி கட்டினேன். கடைசியில், முதல் வாரம் வந்தவர் கேட்ட விலையைவிடக் குறைத்துத்தான் கொடுக்க முடிந்தது. அதனால் மச்சினன்மேல் கோபப்பட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று சொல்ல முடியும்.

பேரத்தில் இறங்கலாம்தான். ஆனால் பேரம் பேச ஆள் வரவேண்டுமே. லாரி வாங்குகிறவர் ஆசைக்கு வாங்குகிறவர் அல்ல. பத்து விளம்பரத்தை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்கிறார். இரண்டு மடங்கு விலை போட்ட வண்டியைப் பார்த்தால், "இவருக்கு விற்கிற எண்ணம் இல்லை" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். உங்களுக்குப் போன் செய்த அந்த மூன்று பேரும் ஒருவேளை, இவர் எவ்வளவு தூரம் இறங்குவார் என்று ஆழம் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

வாங்குகிறவரின் மனக்கணக்கைச் சொல்கிறேன். "இந்த வண்டியை எடுத்த முதல் ஆறு மாதத்தில் கையை விட்டு எவ்வளவு போகும்? எத்தனை நாள் பட்டறையில் நிற்கும்?" நல்ல நிலையில் இருக்கும் வண்டியின் விலையில் இந்த இரண்டையும் கழித்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறப்பார். அந்தக் கழித்தலை அவருக்கு முன்னால் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால் விலை தானாக வந்து நிற்கும்.

முதலில் சந்தை. உங்கள் வண்டியின் அதே மாடல், ஒன்றிரண்டு வருடம் முன்பின், ஏறக்குறைய அதே கிலோமீட்டர், அதே வகை பாடி. இப்படிப் பத்துப் பதினைந்து விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே இருக்கும் இரண்டையும் அடிமட்டத்தில் இருக்கும் இரண்டையும் தள்ளிவிடுங்கள். அப்புறம் இரண்டு வாரம் சும்மா கவனியுங்கள். எது சீக்கிரம் காணாமல் போகிறது, எது அப்படியே கிடக்கிறது? காணாமல் போனதெல்லாம் விற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படியே கிடப்பது அந்த விலைக்கு ஆள் இல்லாத வண்டி. விளம்பரத்தில் இருப்பது எதிர்பார்ப்பு. கைமாறும் தொகை பெரும்பாலும் அதற்குக் கீழேதான். டீலர் போடும் விளம்பரத்தில் அவருடைய லாபம், பழுது பார்த்த செலவு, சில சமயம் வாரண்டி எல்லாம் சேர்ந்திருக்கும். அந்த விலையை நேரில் விற்கும் நீங்கள் எதிர்பார்க்க முடியாது.

உங்களிடம் டீலர் சொன்ன விலைக்கு வயிறு எரிய வேண்டாம். அவர் அதை வாங்கி, வேலை பார்த்து, நிறுத்திவைத்து விற்க வேண்டும். அந்தத் தொகையை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் தரையாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே பணம் வேண்டும் என்றால் கிடைப்பது அது. நேரில் விற்றால் வரும் விலை, அந்தத் தரைக்கும் டீலர் விற்கும் விலைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

இப்போது வண்டிக்கு வருவோம். ஒன்பது வயது வண்டியில் வருடக் கணக்கைவிட நிலைமைதான் பேசும். புது வண்டி முதல் சில வருடங்களில் மளமளவென்று விலை இறங்கும். அதற்கப்புறம் இறக்கம் மெதுவாகிவிடும். அந்தக் கட்டத்தில் ஒரே வயது வண்டிகள் இரண்டுக்கு நடுவே பெரிய விலை வித்தியாசம் வருவது பராமரிப்பால்தான்.

டயரில் தொடங்குங்கள். வாங்க வருகிறவர் முதலில் குனிவது அங்கேதான். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் என்று சொல்லும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. டயரின் மேலே இருக்கும் பட்டன் தேயாமல் நன்றாகத் தெரிகிறதே என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் ரப்பருக்கும் வயது உண்டு என்பது அவருக்குத் தெரியும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று இருந்தால், விட்டம் பெரிதாக இருக்கும் டயர்தான் பாரத்தைக் கூடுதலாகத் தாங்கும். அந்த ஜோடியையே மாற்ற வேண்டும் என்று அவர் கணக்குப் போடுவார். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். துருவும் வெல்டிங் ஒட்டும் விலையைக் கடுமையாக இறக்கும். அதை மறைக்கப் புது பெயின்ட் அடித்தால் சந்தேகம்தான் கூடும். கேபினுக்கும் பாடிக்கும் அடித்தீர்கள் என்றால் பரவாயில்லை. சேஸிஸுக்கும் அடித்திருந்தால், அடிப்பதற்கு முன் எடுத்த படம் போனில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்ஜின் விஷயம்தான் உங்களுக்கு மனத்தாங்கலாக இருக்கும். செலவழித்த தொகையை அப்படியே விலையில் ஏற்றிவிட முடியாது. ஓடுகிற இன்ஜின் இருக்கும் என்று எண்ணித்தான் எல்லோரும் வண்டியே பார்க்க வருகிறார்கள். ஆனால் அந்த வேலை வீண் அல்ல. என்னென்ன பாகம் மாற்றியது, எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்று தெளிவாக எழுதிய பில் இருந்தால், சந்தை விலையின் கீழ்ப் பாதியில் நிற்க வேண்டிய வண்டி மேல் பாதிக்கு ஏறும். பில் இல்லாமல் வாயால் சொன்னால் யாரும் அதற்குக் காசு தரமாட்டார்கள். பாட்டு செட்டும் சீட்டும்? வண்டி சீக்கிரம் விற்க உதவலாம், விலைக்கு உதவாது. பாட்டு செட்டைக் கழற்றி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வருவது வழியைக் காட்ட நான் வைத்துக்கொண்ட எண்கள்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். விளம்பர விலைகளின் நடுவை 100 என்போம். கைமாறும்போது 94. பின் டயர் நான்கும் ஆயுள் முடியும் நிலை, 5 கழியுங்கள். கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது, 2. பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு 1. இன்ஜின் வேலைக்குப் பில் இருக்கிறது, 4 கூட்டுங்கள். 90 வருகிறது. அதுதான் நீங்கள் நியாயமாக எதிர்பார்க்க வேண்டியது. விளம்பரத்தில் 95 அல்லது 96 போடலாம். டீலர் 76க்கு எடுத்துக்கொள்கிறார், இரண்டு மாதம் காத்திருக்க இன்சூரன்ஸ், கடன் வட்டி எல்லாம் சேர்த்து 3 ஆகும் என்றால், 79க்குக் கீழே போவதில் அர்த்தமே இல்லை. அலைச்சலுக்கும் கூலி உண்டு என்பதால் நான் 84ஐ அடிமட்டமாக வைப்பேன். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். மச்சினனிடம் காட்ட வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம். இணையத்தில் தேடுகிறவர்கள் "இவ்வளவுக்குள்" என்று ஒரு முழு எண்ணை வரம்பாக வைத்துத் தேடுவார்கள். உங்கள் விலை அந்த முழு எண்ணைக் கொஞ்சம் தாண்டினால் அவர்கள் கண்ணிலேயே படாது. கொஞ்சம் உள்ளே வைத்துவிடுங்கள்.

விற்கும் முன் எதைச் சரிசெய்வது? எரியாத விளக்கு, காற்றுக் கசிவு, டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு போன்றவற்றை முடித்துவிடுங்கள். சரிசெய்ய ஆவது ஒன்று என்றால், அவை கிளப்பும் பயத்துக்கு அவர் குறைப்பது நான்கு. கிளட்ச் மாதிரிப் பெரிய வேலையை நான் செய்யமாட்டேன். மெக்கானிக்கிடம் மதிப்பீடு எழுதி வாங்கி, "இது இருக்கிறது, இதற்காகத்தான் இந்த விலை" என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் அவர் கண்டுபிடித்து இரண்டு மடங்காகக் கழிப்பார். டயர் சட்டப்படி ஓட முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். அவர் வரும் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, நீலப் புகை வருகிறதா, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடிக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார். பத்து மாதத்துக்கு முன் வேலை பார்த்த இன்ஜின் உங்களுக்காகப் பேசப்போவது அந்த நிமிடத்தில்தான்.

"கடைசி விலை என்ன?" என்று போனில் கேட்டால் இறங்காதீர்கள். பார்க்காத வண்டிக்குக் குறைத்த விலை, நேரில் வரும்போது ஆரம்ப விலையாகிவிடும். "வண்டியைப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நேரில் பேரம் பேசும்போது முதலில் 3 இறங்கினால் அடுத்தது 1 என்று சுருக்குங்கள். ஒவ்வொரு தடவையும் அதே அளவு இறங்கினால், இன்னும் இறங்குவார் என்று அவர் காத்திருப்பார்.

புது விலை போட்டு இரண்டு வாரம் பாருங்கள். போனே வரவில்லை என்றால் விலை அதிகம், அல்லது படங்கள் மோசம். போன் வருகிறது, ஆள் வரவில்லை என்றால் விளம்பரத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு விலையே கேட்காமல் போனால், எழுதியதும் வண்டியும் ஒத்துப்போகவில்லை. குறைப்பதானால் ஒரே தடவை கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் குறையுங்கள். வாரத்துக்கு ஒரு சொட்டு குறைத்தால், அடுத்த வாரத்துக்காக எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

கடன் பாக்கி எவ்வளவு என்பதற்கும் வண்டியின் விலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதை மறைத்தால் விற்பனை கடைசி நேரத்தில் முறியும். கடன் கொடுத்தவரிடம் இன்ன தேதிவரை முழுதாக அடைக்க இவ்வளவு என்று கடிதம் வாங்கி வையுங்கள். விளம்பரத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். விற்கும் நாளில் வாங்குகிறவரையும் அழைத்துக்கொண்டு நேரே அங்கே போய், அந்தத் தொகையை அவரே அங்கே கட்டும்படி செய்து ரசீது வாங்குங்கள். மீதி உங்கள் கணக்கில் ஏறிய பிறகு பதிவு மாற்றத் தாளில் கையெழுத்துப் போடலாம்.