வண்டி ரேடியோ கேள்வி பதில்: சத்தம் எடுபடல, தூரம் போகல

பினாங்கில் லோரி, வேன், டாக்சின்னு வண்டிகளுக்கு ஆபீஸோட பேசுற ரேடியோ (வாக்கி-டாக்கி மாதிரி) பொருத்துறதுதான் என் தொழில். கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு: ஆன்டெனா கழன்டிருக்கும்போது பி.டி.டி. பொத்தானை (பேசுறதுக்கு அழுத்துற பொத்தான்) அழுத்தாதீங்க. போற சக்தி திரும்பி வந்து செட்டைக் கருக்கிடும்.

பட்டர்வொர்த் லோரி: அண்ணே, நான் பேசுறது ஆபீஸ்ல கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேக்குதாம். செட் 25 வாட். ஆன்டெனா மாத்தணுமா?

அவசரப்படாதீங்க தம்பி. குரலோட இரைச்சலும் சேர்ந்து வருதான்னு ஆபீஸ்ல கேளுங்க. இரைச்சல் இருந்தா சிக்னல் பலவீனம். ஆன்டெனா, கேபிள் பக்கம் போகணும். இரைச்சலே இல்லாம சுத்தமா, ஆனா மெதுவா வந்தா ஆன்டெனா மேல பழி போடாதீங்க. மைக்கைப் பாருங்க. முன்னாடி இருக்கிற சின்ன ஓட்டையில தூசியும் எச்சிலும் அடைச்சிருக்கும். சுருள் வயர் மைக்குக்குள்ள நுழையற இடத்துல அறுந்திருக்கும். அதே மாடல் மைக் ஒண்ணை இரவல் வாங்கி மாட்டினா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

மைக் நல்லா இருந்தும் சரியாகலன்னா அலைவரிசை அகலத்தை (ஒரு சேனல் பிடிக்கிற இடம்) பாருங்க. உங்க செட் 12.5 கிலோஹெர்ட்ஸ், ஆபீஸ் செட் 25 கிலோஹெர்ட்ஸ்ன்னா உங்க குரல் அங்க அமுங்கித்தான் கேக்கும். அவங்க குரல் உங்களுக்குக் கரகரன்னு வெடிக்குதா?

பட்டர்வொர்த் லோரி: ஆமா அண்ணே, வெடிக்குது!

அப்ப மைக்கை விடுங்க. புரோகிராம் பண்ணவர்கிட்ட போங்க.

பாலிக் புலாவ் பள்ளி வேன்: ஆயர் ஈத்தாம் தாண்டி மலை ஏறினதும் செத்துப் போகுது.

நடுவுல மலைங்க. கொடிமலையே (பினாங்கு ஹில்) 800 மீட்டருக்கு மேல. வண்டி ரேடியோ பேசுற அலைங்க வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். ரெண்டும் மலையைத் துளைச்சுப் போகாது. உயரத்துல ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புற செட்) இருந்தாத்தான் வழி.

ஜெலுத்தோங்: 25 வாட்டை 50 ஆக்கினா எத்தனை கிலோமீட்டர் போகும்?

ரெண்டு மடங்கு சக்தின்னா 3 டெசிபல்தான் (சிக்னல் பலத்தோட அளவு) கூடும். கேக்குறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தக் காசுல நல்ல கேபிள் வாங்குங்க.

பிறை: மழைக்காலத்துல மட்டும் தூரம் குறையுது. ஆன்டெனா கூரை மேல காந்தத்துல நிக்குது.

கதவு இடுக்குல நசுங்கின கேபிளுக்குள்ள தண்ணி போயிருக்கும். தண்ணி போன கேபிள் காஞ்சாலும் பழையபடி வராது, மாத்திடுங்க. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா பக்கமிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுறது) 1.5க்குக் கீழ காட்டணும். ஆனா ஒரு சூட்சுமம்: கெட்டுப்போன கேபிள் சக்தியைத் தானே தின்னுட்டு மீட்டர்ல நல்ல எண் காட்டும். அதனால ஆன்டெனா பக்கத்துலயும் மீட்டரை வச்சு அளங்க. மீட்டர் மாட்டும்போது ஆன்டெனா இல்லாம பொத்தானை அழுத்தாதீங்க. முடிஞ்சா காந்தத்தை விட்டுட்டு கூரை நடுவுல ஓட்டை போட்டு மாட்டுங்க.

சுங்கை நிபோங்: கூரையில ஓட்டையா? காரை யார் வாங்குவா?

ரப்பர் மூடி போட்டா யாருக்கும் தெரியாது. நடுவுல இருந்தா சுத்தியும் தகடு, நாலா பக்கமும் ஒரே மாதிரி போகும்.

சுங்கை நிபோங்: நான் பத்து வருஷமா காந்தம்தான். ஒண்ணும் ஆகல.

கழற்றிப் பாத்தீங்களா?

சுங்கை நிபோங்: ...இப்ப பாத்தேன். வட்டமா துரு.

அடியில சிக்கின மணலோட வேலை.

கெலுகோர்: அப்ப டிக்கி மூடியில கிளாம்பு போடலாமே அண்ணே?

போடலாம். திருகு பெயின்டைக் கீறித் தகட்டைத் தொடணும், இல்லன்னா எர்த் இருக்காது. ஓரத்துல மாட்டினா தகடு அதிகமா இருக்கிற பக்கம் சிக்னல் சாயும். பின்னால இடது ஓரத்துல இருந்தா, முன்னால வலது பக்கம் தூக்கலாப் போகும். பொறுக்க முடிஞ்சா சரி. நான் ஓட்டைக்காரன்தான்.

பாயான் லெப்பாஸ்: என்ஜின் ஓடும்போது ஊய்ன்னு சத்தம், ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஏறுது. சிகரெட் சாக்கெட்லதான் கரண்டு எடுத்திருக்கேன்.

அது ஆல்டர்னேட்டர் சத்தம். தடித்த வயரா பேட்டரியிலேருந்து நேரா இழுங்க. பேட்டரிப் பக்கமே ரெண்டு வயர்லயும் ஃபியூஸ் வைங்க. சாக்கெட்டு வயர்ல வோல்டேஜ் விழுந்தா பேசும்போது வாட்டும் குறையும்.

தண்ணீர்மலை தொண்டர்: தைப்பூசத்துக்கு வேன் செட் எத்தனை கிலோமீட்டர் போகும்?

ஆயர் ஈத்தாம்: எனக்கும் எத்தனை கிலோமீட்டர்ன்னு சொல்லுங்க.

மேல ஜெலுத்தோங்காரருக்குச் சொன்னதைப் படிங்க. பந்தல் கூட்டத்துல இருக்கிறவங்க கையடக்க செட்டை இடுப்புல வச்சுப் பேசாதீங்க, உடம்பே சிக்னலைத் தின்னும்.

தஞ்சோங் தோக்கோங்: ஆன்லைன்ல வாங்கின அமெச்சூர் செட்டை லோரிக் கம்பெனி அலைவரிசைக்கு மாத்திக்கலாமா?

எம்.சி.எம்.சி. (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) உரிமம் பற்றிய கேள்வி. அவங்களைக் கேளுங்க.

ஜெலுத்தோங்: அண்ணே, கேபிளைக் கழற்றிட்டு அழுத்தினா மீட்டர் என்ன காட்டுதுன்னு பாத்தேன். இப்ப போகவே மாட்டேங்குது.

எத்தனை வினாடி?

ஜெலுத்தோங்: கொஞ்ச நேரம்.

செட்டைக் கொண்டு வாங்க. ஆன்டெனாவையும்.