பக்கத்து மனையில் பள்ளம், நம் வீட்டில் விரிசல்: தண்ணீரை விடுங்கள், மண்ணைப் பிடியுங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் 1998-ல் வீடு கட்டிக் குடிவந்தோம். இப்போது பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறது. தரைக்குக் கீழே கார் நிறுத்த, எங்கள் மதிலை ஒட்டி ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள். ஊற்று வருவதால் மூன்று வாரமாக ராப்பகலாக மோட்டார் ஓடுகிறது. எங்கள் பின்னறைத் தரை இறங்கிவிட்டது, சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். கிணறும் வற்றிவிட்டது. கேட்டால், "எங்க இடத்துத் தண்ணிய நாங்க இறைக்கிறோம். சுவரைப் பூசித் தர்றோம், இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க" என்கிறார் பில்டர். அந்த அறையில்தான் என் மாமியார் படுக்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் மாமியாரை இன்றைக்கே முன்னறைக்கு மாற்றுங்கள். ஒரு கட்டுமானப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லும்வரை பின்னறையில் யாரும் படுக்க வேண்டாம். சட்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பில்டர் சொல்வதில் பாதி சரி, அதனால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து நிலங்களுக்கு இடையிலான உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம், 7-ஆவது பிரிவின்படி, தடம் தெரிந்து ஓடாமல் மண்ணுக்குள் பரவிக் கிடக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உரிமை உண்டு. அப்படிப்பட்ட நீரை எத்தனை வருடம் இறைத்திருந்தாலும், நீண்டகால அனுபவத்தைக் காட்டி அதில் உரிமை கேட்க முடியாது என்கிறது 17-ஆவது பிரிவு. ஆகவே "என் கிணற்றை வற்ற வைத்துவிட்டார்" என்று வழக்கைத் தொடங்கினால், பலவீனமான இடத்தில் போய் நிற்பீர்கள்.

உங்கள் பலம் மண்ணில் இருக்கிறது. பக்கத்து நிலத்து மண் உங்கள் நிலத்துக்கு இயற்கையாகத் தரும் தாங்கலைப் பறிக்கக் கூடாது என்பதும் அதே 7-ஆவது பிரிவில்தான் இருக்கிறது. அது வெறும் நிலத்துக்கான உரிமை. மேலே நிற்கும் வீட்டின் பாரத்துக்கும் அந்தத் தாங்கல் வேண்டுமென்றால், 15-ஆவது பிரிவின்படி 20 வருடம் இடையூறில்லாமல் அதை அனுபவித்திருக்க வேண்டும். உங்கள் வீடு 1998-லிருந்து நிற்கிறது. அந்த ஆண்டின் வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கட்டட அனுமதி எல்லாவற்றையும் தேடி எடுங்கள். இதில் ஒரு கெடுவும் உண்டு: அந்த 20 வருடம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 வருடத்துக்குள் முடிவதாக இருக்க வேண்டும்; அதாவது, தாங்கல் பறிபோன 2 வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். "பேசிப் பார்க்கலாம்" என்று வருடக்கணக்கில் இழுத்தால் உரிமையே கைநழுவும். (20 வருடம் ஆகாத வீட்டுக்காரர்களும் சோர வேண்டாம். அஜாக்கிரதையாகத் தோண்டியதற்கு நஷ்டஈடு கேட்கும் வழி அவர்களுக்கு உண்டு.)

சரி, வெளியேறுவது தண்ணீர் மட்டும்தானா, மண்ணும் சேர்ந்தா? வழக்கே இதில்தான் இருக்கிறது. 1899-ல் இங்கிலாந்தில் இதே போன்ற ஒரு வழக்கு வந்தது. ஒரு காஸ் கம்பெனி பள்ளம் தோண்டி நீரை இறைத்தபோது, அதோடு குழைந்த வண்டலும் ஓடிவந்து பக்கத்து வீடுகள் இறங்கின. தண்ணீரைத்தானே எடுத்தோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. வண்டல் போனது தாங்கல் போனதுதான் என்றது நீதிமன்றம்.

அதனால் நாளைக் காலை, அந்த மோட்டார் குழாய் வாயில் ஒரு பக்கெட் பிடித்து அசையாமல் வையுங்கள். அன்று இரவு தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு, அடியில் படிந்திருக்கும் மணலைப் படமெடுங்கள். தெருக் கால்வாயில் அந்தக் குழாய் விழும் இடத்திலும் மணல் மேடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த வாரம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், எந்தச் சாட்சியும் அதற்கு ஈடாகாது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்க இது நேரமல்ல. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கோடு இடைக்காலத் தடை மனுவும், அட்வகேட் கமிஷனரை (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்) பொறியாளரோடு அனுப்பச் சொல்லும் மனுவும் ஒன்றாகப் போட வேண்டும். பள்ளத்தை மூடிவிட்டால் பிறகு எதைக் காட்டுவீர்கள்? வக்கீல்களே தவறுகிற இடம் ஒன்று உண்டு: "மோட்டாரை நிறுத்து" என்று மட்டும் கேட்காதீர்கள். பாதி தோண்டிய குழியில் திடீரென்று நீர் ஏறினால் பக்கவாட்டு மண் சரியலாம். "மேற்கொண்டு தோண்டாதே, என் பக்கத்து மண்ணுக்கு முட்டுக்கொடு, அதுவரை நீர்மட்டத்தைப் பொறியாளர் சொல்கிறபடி வைத்திரு" என்று கேளுங்கள். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். கீழ்த்தளத்துக்கு அனுமதியே இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்லிச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடமும் மாநகராட்சியிடமும் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி பெரும்பாலும் அதில் எங்கேயாவது இருக்கும். மண் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பூசிய சுவர் அடுத்த மாதம் மறுபடி வெடித்தால், அந்த வரியைத்தான் அவர் நீதிமன்றத்தில் நீட்டுவார்.