பிரியாணியும் ஆட்டமும்: ஞாயிறு விருந்துக்கு ஒரு யோசனை

வணக்கம். ஞாயிறு இரவு 7.30 மணி ஐபிஎல் ஆட்டத்திற்கு 12 பேர் வருகிறார்கள் என்றும், சென்ற முறை சீரகச் சம்பா மட்டன் பிரியாணி குழைந்துபோனதோடு ஆட்டத்தையும் பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

குழைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்க் கணக்குதான். அரை மணி நேரம் ஊறிய சீரகச் சம்பாவுக்கு ஒரு படிக்கு ஒன்றரைப் படி நீர் போதும். ஆனால் கறி வெந்த சாறும் தயிரும் அந்த ஒன்றரைக்குள் அடங்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே சாற்றை வடித்து அளந்துவிட்டு, குறைவதற்கு மட்டும் வெந்நீர் சேருங்கள்.

ஒன்றரைக் கிலோ அரிசியும் அதே அளவு கறியும் தாராளமாகப் போதும். கறி மசாலாவை மதியமே வேகவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கோடை வெயிலில் வெளியே வைப்பது நல்லதன்று. மசாலா ஊறிய கறிக்குச் சுவையும் கூடும் என்பது என் அனுபவம். 8 மணியளவில் அதை நன்கு கொதிக்கவிட்டு அரிசியைச் சேர்த்து, நீர் வற்றியதும் தோசைக்கல்லின் மேல் சிறுதீயில் 20 நிமிடம் தம்மில் வைத்து, அடுப்பை அணைத்தபின் கால் மணி நேரம் திறக்காமல் விட்டீர்களானால், முதல் இன்னிங்ஸ் முடியும் இடைவேளையில் சூடாகப் பரிமாறலாம்.

வெங்காயத் தயிர்ப் பச்சடிக்கு உப்பை மட்டும் கடைசியில் போடுங்கள்.