கத்தி பிடித்தவரிடம் சொல்ல வேண்டிய கதை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வடமேற்குக் கென்யாவில், துர்கானா மேய்ப்பர்களிடையே எங்கள் சபை ஊழியர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேதாகமக் கதையோடு, நாயால் வரும் நீர்க்கட்டி நோயைப் பற்றியும் ஒரு கதை சொல்கிறார்கள். மக்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆனால் குழந்தையை நாய் நக்கினால் யாரும் தடுப்பதில்லை. கதையால் பயன் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்டு. ஆனால் உங்கள் கதை தவறான இடத்தில் போய் முடிகிறது. தண்ணீருக்காக வெகுதூரம் நடக்கும் தாய்க்கு, குழந்தையின் மலத்தையும் வாந்தியையும் நக்கித் துடைக்கும் நாய் பெரிய துணை. நாயை விரட்டு என்றால் தலையாட்டுவாள், விரட்டமாட்டாள்.

நோய் தொடங்குவது ஆடு அறுக்கும் இடத்தில். ஈரலிலோ நுரையீரலிலோ இருக்கும் நீர்க்கட்டியை வேண்டாமென்று நாய்க்கு வீசுகிறார்கள். அதில் இருப்பவை நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீள நாடாப்புழுக்களாக வளர்ந்து, ஏறத்தாழ 6 வாரத்தில் முட்டை விடத் தொடங்கும். பின்புறத்தை நக்கிய நாக்காலேயே நாய் குழந்தையையும் நக்குகிறது. அப்படி உள்ளே போகும் முட்டையால் குழந்தையின் வயிறு வீங்குவதோ பல வருஷம் கழித்து. அதற்குள் அந்த நாயே செத்துப் போயிருக்கும். இவ்வளவு நீண்ட இடைவெளியைச் சுவரொட்டியால் காட்ட முடியாது. கதை காட்டும்.

ஆகவே கதையை அறுப்பில் நிறுத்துங்கள். ஒருவர் ஆட்டின் வயிற்றைக் கிழிக்கிறார். ஈரலில் கோழிமுட்டை அளவில் வெளுத்த கட்டி, உள்ளே தண்ணீர் தளும்புகிறது. நாய் வாலாட்டி நிற்கிறது. வீசக் கை ஓங்குகிறது. அங்கே நிறுத்திக் கேளுங்கள்: இதை எங்கே போடலாம்? இறைச்சி சுடும் நெருப்பு பக்கத்திலேயே இருக்கிறது. கட்டியைக் குத்தாமல் உறுப்போடு அதில் போட்டுக் கரியாக்க வேண்டும். நாய்க்கு எலும்பு போதும்.

இன்னொன்று. அறுப்பது பெரும்பாலும் ஆண்கள். ஆராதனையில் அமர்ந்திருப்பவர்கள் யாரென்று எண்ணிப் பாருங்கள். பெண்களும் பிள்ளைகளுமே அதிகம் என்றால், உபதேசியார் ஆண்கள் கூடும் மரத்தடிக்குப் போய் இதே கதையைச் சொல்லட்டும்.

எட்டு நிமிஷத்துக்கு மேல் போகவேண்டாம். இரண்டு முறை சொன்னபின், மூன்றாம் முறை வேண்டுமென்றே பிசகாகச் சொல்லுங்கள், திருத்தினால் பதிந்துவிட்டது. அடுத்த வாரம் கேட்டவர் ஒருவர் சொல்லட்டும். ஆடு, நாய், குழந்தை, வருஷங்கள் என்ற வரிசை குலைந்தால் கதையில் சுமை அதிகம், குறையுங்கள். நாய்க்கு பிரசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து கொடுக்கும் நாளையும் அதே இடத்தில் அறிவியுங்கள். 6 வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது புழு முட்டை விடுமுன் அழிக்கத்தான்.

வயிறு வீங்கியவருக்குக் கதையோ ஜெபமோ மட்டும் போதும் என்று எவரும் நினைக்க விடாதீர்கள். ஸ்கேனும் அல்பெண்டசோல் மருந்தும், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

நாய் வருகிறதென்று லூக்கா 16-ல் உள்ள ஏழை லாசருவின் கதையை இதற்கு எடுக்காதீர்கள். அவன் புண்ணை நக்கிய நாய்தான் அங்கே இரக்கமுள்ளது. கேட்பவர் நாயின் பக்கம் நிற்பார். லூக்கா 15-ல் நூறில் ஒன்றாகக் காணாமற்போன ஆட்டின் கதையை மேய்ப்புச் சிறுவர்களின் மாலைப் பள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேய்ப்பவன் மந்தையை எண்ணிக்கையால் அல்ல, நிறத்தாலும் புள்ளியாலும் அறிவான். முதலில் அந்த நிறப் பெயர்களைத் துர்கானா மொழியில் எழுதப் பழக்குங்கள். பிறகு ஆட்டுக்கு ஒரு கூழாங்கல், பத்துப் பத்தாகக் குவியல். பத்தாவது குவியலில் ஒரு கல் குறையும்போது 99 அவன் கண்ணுக்குத் தெரியும்.