கணினிக் கேள்வி பதில்: வந்து வந்து போகும் வழு

கேள்வி: அக்கா, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் நிறுக்கும் கொழுந்துக் கணக்கை வீட்டில் பழைய லெப்டொப் ஒன்றில், ஒரு திறந்தமூல (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) விரிதாள் மென்பொருளில் ஏற்றுகிறேன். இடையிடையே திரை அப்படியே நின்றுவிடும்; சில தடவை தானாக மூடிக்கொள்ளும். திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே நடப்பதில்லை. மென்பொருளைச் செய்கிறவர்களுக்கு எழுதினேன். "இங்கே அப்படி வரவில்லை, அதை மறுபடி வரவைக்கும் செய்முறையைச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. எப்போது வரும் என்று எனக்கே தெரியாதே, செய்முறைக்கு எங்கே போவேன்? (கொட்டகலை வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய அறிக்கையின் பிரதியையும் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். "சில நேரம் ஸ்டக் ஆகிறது, உடனே சரிசெய்யவும்." அவ்வளவுதான் அதில் இருந்தது. ஹட்டனில் மாலை வகுப்பை முடித்துவிட்டு நானும் இப்படி வரும் வழு (மென்பொருள் பிழை) அறிக்கைகளை வாசித்துப் பிரித்துக் கொடுக்கும் தொண்டு வேலை செய்கிறேன். உங்களுடையது என் கையில் வந்திருந்தால் நானும் அதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

செய்முறை தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதலாம், அதில் குற்றமில்லை. ஆனால் பயந்துபோய் "எப்போதும் வருகிறது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கே இருப்பவர் அதை நம்பி இரண்டு தடவை செய்து பார்ப்பார், வராது, மூடிவிடுவார். "வாரத்தில் மூன்று நான்கு தடவை, பெரும்பாலும் அரை மணிநேரமாவது வேலை செய்த பிறகு" என்று இருந்தால் அவரும் பொறுமையாக உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

அந்த "பெரும்பாலும்" எங்கிருந்து வரும்? எழுதி வைத்தால்தான் வரும். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் வேலைக்கு வந்த நாள் மட்டுமா இருக்கிறது, வராத நாளும் இருக்கிறதல்லவா? அதே மாதிரி, திரை நின்ற நாளையும் நிற்காத நாளையும் சேர்த்துக் குறியுங்கள். கரண்ட் இருந்ததா, பற்றரியில் ஓடியதா, பென்டிரைவில் இருந்த பைலா, கூடவே வேறு என்ன திறந்திருந்தது, எத்தனை மணிக்கு நின்றது. நின்ற நாட்களை மட்டும் குறித்தால் எல்லாமே காரணம் மாதிரித்தான் தெரியும். மழை பெய்த நாளில் நின்றது என்பீர்கள். நம் பக்கம் மழை பெய்யாத நாள் எத்தனை?

கடையில் வராமல் வீட்டில் வருவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். ஒரு மென்பொருளுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நீங்கள் எண்ணைத் தட்டும்போது இன்னொரு பக்கம் அது தானாகச் சேமித்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் கைவைக்கும் கணம் வந்தால்தான் சிக்கல். அந்தக் கணம் வருமா வராதா என்பது கருவியின் வேகத்தைப் பொறுத்தது. உங்களிடம் இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் சேமிக்க நேரம் எடுக்கும், மோதுவதற்கு இடமும் கூடும். எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க் போட்ட கருவியில் அதே வேலை சட்டென்று முடிந்துவிடும். அதனால்தான் டிஸ்க் எந்த வகை, ரேம் எவ்வளவு என்பதை எழுதச் சொல்கிறார்கள்.

கடையில் இன்னொன்றும் நடக்கிறது. திருத்துகிறவர் வெறும் பைல் ஒன்றைத் திறந்து இரண்டு எண் தட்டிப் பார்ப்பார். உங்கள் பைலில் மாதக்கணக்கான வரிகள். இரண்டும் ஒரே சோதனை இல்லை.

தானியங்கிச் சேமிப்பு மீது சந்தேகம் என்றால் சோதிக்க வழி உண்டு. உதாரணத்துக்கு லிப்ரே ஒபிஸ் என்ற திறந்தமூல அலுவலக மென்பொருள் மீட்புத் தகவலை 10 நிமிடத்துக்கு ஒரு தடவை சேமிக்கும்படி வருகிறது. டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போனால் அதை 1 நிமிடமாக்கலாம். பைலின் பிரதி ஒன்றில் அப்படிச் செய்து தட்டிக்கொண்டே இருங்கள். திரை நிற்பது கூடினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். சில நாட்கள் அந்தச் சேமிப்பை நிறுத்தியும் பாருங்கள். அந்த நாட்களில் கையால் சேமிக்க மறந்துவிடாதீர்கள். ஹெல்ப் மெனுவில் சேஃப் மோடில் மீண்டும் தொடங்கும் வழி இருக்கிறது, நீட்சிகளும் (பிறகு சேர்த்த துணை மென்பொருள்கள்) உங்கள் அமைப்புகளும் இல்லாமல் ஓடும். பயர்பொக்ஸ் உலாவியில் அதற்கு டிரபிள்ஷூட் மோட் என்று பெயர். ஆனால் வந்து போகும் வழுவுக்கு சேஃப் மோடில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று எழுதுவதில் பிரயோசனம் இல்லை. வழக்கமாக வேலை செய்யும் அளவு நேரம் அதிலும் வேலை செய்ய வேண்டும்.

நேரம் குறிக்கும்போது பக்கத்தில் யூடிசி (உலகப் பொது நேரம்) +5:30 என்று போடுங்கள். கணினியில் நடந்தவற்றை நேரத்தோடு பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இருந்து ஏதாவது எடுத்து அனுப்பினால், ஐரோப்பாவில் இருப்பவர் உங்கள் நேரத்தோடு பொருத்திப் பார்க்க அது வேண்டும். (1996-ல் மணிக்கூட்டை முன்னால் தள்ளி, 2006 ஏப்ரலில் மறுபடி 5:30-க்கு வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குழப்பமெல்லாம் இன்றைக்கும் கணினிகளுக்குச் சரியாகத் தெரிவது, உலக நேர வலயத் தரவுத்தளத்தைத் திறந்த முறையில் பராமரிக்கிறவர்களால்தான்.)

பைலை இணைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த அறிக்கைகளை உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். ஆட்களின் பெயர், ஈபிஎஃப் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் பொய்யாக மாற்றுங்கள். மாற்றிய பைலிலும் திரை நிற்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

கேள்வி: வணக்கம் மிஸ். பாடசாலைப் பெயர்ப் பதிவேட்டில் "கோகிலா" என்று தேடினால் சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் இல்லை. "மாலதி" எப்போதும் கிடைக்கிறாள். இதை வழு என்று அறிவிக்கலாமா? (பண்டாரவளை ஆசிரியை)

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் மாலதியையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். விடையே அவளிடம்தான் இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் உலகத் தரமான யூனிகோட்டில் "கோ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பது யூனிகோட் விதி. தேடும்போது சில மென்பொருள்கள் அதைச் செய்வதில்லை. உங்கள் பதிவேட்டில் ஒருவர் போனிலும் இன்னொருவர் ஒபிஸ் கொம்பியூட்டரிலும் தட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். "மா"வில் அந்தச் சிக்கலுக்கே இடமில்லை.

ஆகவே தாராளமாக அறிவிக்கலாம். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது, படத்தில் இரண்டு கோகிலாவும் ஒரே மாதிரித்தான் இருப்பாள். கிடைக்கும் கோகிலாவையும் கிடைக்காத கோகிலாவையும் அதே பைலில் இருந்து கொப்பி பண்ணி, இரண்டு வரியாகச் சின்ன பைல் ஒன்றில் போட்டு இணையுங்கள். எந்த விசைப்பலகை என்பதையும் எழுதுங்கள்.

"கௌரி" கிடைக்கவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பிறகு "ள" தட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது தட்டியவரின் பிழை, மென்பொருளைக் குறைசொல்ல முடியாது.

கேள்வி: அறிக்கை போட்டு இரண்டு மாதம், ஒரு சத்தமும் இல்லை. இலவசம் என்றால் இப்படித்தானா? காரமாக ஒன்று எழுதட்டுமா? (மஸ்கெலியா வாசகர்)

பதில்: வேண்டாம். சம்பளம் வாங்காதவரைக் காரமாகப் பேசினால் அவர் அடுத்த அறிக்கைக்குப் போய்விடுவார், நானும் போயிருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய சஹானா என்ற திறந்தமூல மென்பொருளை நம் நாட்டுத் தொண்டர்கள்தான் எழுதினார்கள். வேலைக்குப் போய்வந்து மிச்ச நேரத்தில் இருப்பவர்கள்தான் மற்ற இடங்களிலும் அதிகம்.

சும்மா "என்ன ஆச்சு?" என்று கேட்காமல் புதிதாக ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்: புதிய பதிப்பிலும் வருகிறது, இன்னொரு கருவியிலும் வந்தது, இப்படி. அவர்கள் ஏற்கனவே ஏதாவது கேட்டு நீங்கள்தான் பதில் போடவில்லையா என்றும் பாருங்கள். உபுண்டு என்ற இயங்குதளத்துக்கான வழு அறிக்கைகளைப் பதியும் லோஞ்ச்பேட் தளத்தில் "தகவல் போதாது" என்று குறித்த அறிக்கை 60 நாள் அசையாமல் கிடந்தால் தானாகக் காலாவதியாகிவிடும்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. (அப்புத்தளை வாசகர்)

பதில்: இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று மூன்று சின்ன வாக்கியம் போதும். மெனு தமிழில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் வழுவைத் திருத்தியாயிற்று, புதிய பதிப்பில் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். பத்துத் தடவை செய்தேன், வரவில்லை. போய்விட்டது என்று எழுதலாமா? (வட்டவளை வாசகி)

பதில்: முன்பு எத்தனைக்கு ஒரு தடவை வந்தது, தங்கச்சி? பத்துக்கு ஒன்று என்றால், திருத்தாமலே இருந்தாலும் பத்துத் தடவையும் வராமல் போக ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு உண்டு. முப்பது தடவை செய்தும் வரவில்லை என்றால் அந்த வாய்ப்பு 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இன்னும் இருபது தடவை செய்யுங்கள். பிறகு "பழையதில் பத்துக்கு ஒன்று வந்தது, புதியதில் முப்பதில் ஒன்றும் இல்லை" என்று பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். பதிப்பு எண் ஹெல்ப் மெனுவில் அபௌட் என்ற இடத்தில் இருக்கும்.